மூன்றாவது வரி நெல்வினுடையது

சிவப்புப் பொத்தானை ஹெப்சி அழுத்தினாள்.

கன்வேயர் பெல்ட் ஒரு முனகலோடு நின்றது. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பாதி தைத்த ஷூக்கள் பெல்ட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவற்றின் பின்னால் பெண்கள் வரிசையாக நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளில் லைனை நிறுத்துவது சின்ன விஷயமல்ல. முதலாளியே வந்தாலும் பெல்ட்டோடு கூடவே நடந்து, பேச வேண்டியதைப் பேசிவிட்டுப் போய்விடுவார். இவளோ வெளியாள். தலையில் ஹெல்மெட், சேலையில் சாக்பீஸ் தூள். பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர்.

"எவன்டா லைனை ஆஃப் பண்ணது?"

குரல் முதலில் வந்தது. பின்னாலேயே லைன் சூப்பர்வைசர் கோதண்டபாணி வந்தார். கழுத்தில் விசில், சட்டைப் பையில் நாலு கலர் பேனா.

"நான்தான் சார்," என்றாள் ஹெப்சி.

"மிஸ்ஸா. ட்ரெய்னிங் முடிஞ்சி வந்துட்டீங்களா. வாங்க, வாங்க. ஆனா இன்னா மிஸ் இது, நேரா பட்டன்ல கை வெச்சிட்டீங்க."

"நெல்வினுக்கு எத்தனை வரி படிக்கத் தெரியும்?"

"ஒண்ணு," என்றார் கோதண்டபாணி. முகத்தில் அப்படியொரு பெருமை. "மூணாவது வரி. அதுல அவனை அடிச்சிக்க ஆளே கெடையாது."

ஹெப்சி ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். கம்பெனி வளாகத்தில் ஒரு குழந்தைகள் காப்பக அறை சும்மா கிடந்தது. பள்ளி விட்டதும் தொழிலாளிகளின் பிள்ளைகள், ஷிஃப்ட் முடியும்வரை ஹைவே ஓரம் லாரிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஹெப்சி மேனேஜர் எபனேசரிடம் நடையாய் நடந்து அந்த அறையை வாங்கினாள். மாலையில் வாசிப்பு மையம். கதை அட்டைகள் கொடுத்தாள். அலமாரி கொடுத்தாள். "ஒவ்வொரு பிள்ளையும் தினமும் படிக்கணும் சார், ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாது" என்று கோதண்டபாணியிடம் ஒப்படைத்துவிட்டு, வேலூருக்கு ஒரு மாதப் பயிற்சிக்குப் போனாள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லித் தருவது எப்படி என்று டீச்சர்களுக்கு நடக்கும் பயிற்சி.

கோதண்டபாணி தினமும் வீடியோ அனுப்பினார். பிள்ளைகள் வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு வரியாக, கதையைச் சரவெடி மாதிரி படித்து முடித்தார்கள். ஹெப்சி அதைப் பயிற்சி அறையில் பெரிய திரையில் போட்டுக் காட்டினாள். ஜோலார்பேட்டை டீச்சர் பொறாமையில் போண்டாவைப் பாதியில் வைத்தார். கல்வி அலுவலர் தமிழ்வேந்தன் எழுந்து நின்று, "நான் நேர்ல வந்து பாக்கறேன்" என்றார்.

அந்த நாள் இன்று. மாலை வருகிறார்.

எபனேசருக்கும் இது தெரியும். ஏற்றுமதி சீசன். ஷூ அட்டைப்பெட்டி அடுக்க இடமில்லாமல் அவர் பேஜாராகிக் கிடந்தார். காலையிலேயே ஹெப்சிக்குப் போன் போட்டு நிதானமாகச் சொல்லிவிட்டார். "பிள்ளைங்க படிக்குதுன்னு ஆபீசர் சொன்னா ரூம் உங்களுது. இல்லன்னா இன்னிக்கே பெட்டி உள்ள வந்துடும். தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர்."

வீடியோக்கள் தந்த நம்பிக்கையில்தான் ஹெப்சி இன்று வகுப்புக்குள் போனாள். நெல்வினைக் கூப்பிட்டாள். கதை அட்டையைக் கையில் கொடுத்தாள். "நீ மட்டும் படி கண்ணு."

நெல்வின் அட்டையைப் பார்த்தான். "ஆனால் ஆற்றில் மணல் மட்டுமே இருந்தது" என்று படபடவென்று சொன்னான். அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

"மீதி?"

"என் வேலை முடிஞ்சிடுச்சி மிஸ். அடுத்தது அம்பரீன் வேலை."

"அம்பரீன் வேலையையும் நீயே பண்ணு."

"ஐயோ, அவ ஆப்பரேஷன்ல நான் கை வெச்சா லைன் கெட்டுடும் மிஸ்."

ஹெப்சி விடவில்லை. வேலூரிலிருந்து கொண்டுவந்த புத்தம் புது அட்டை ஒன்றை நீட்டினாள். நெல்வின் அதை முன்னும் பின்னும் திருப்பினான்.

"இந்தக் கார்டுக்கு இன்னும் ஆள் போடலயே மிஸ்," என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டான்.

அம்பரீனும் அதையேதான் சொன்னாள். வகுப்பே அதைத்தான் சொன்னது. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் தலைமையாசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஹெப்சி ஸ்கூட்டியை எடுத்தவள், சிவப்புப் பொத்தானில்தான் வந்து நின்றாள்.

"தப்பு இன்னா மிஸ் இதுல?" என்றார் கோதண்டபாணி. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். "ஒரு ஷூ எப்பிடி வருது? ஒருத்தி வெட்டுவா, ஒருத்தி தோலை மெலிசா சீவுவா, ஒருத்தி தைப்பா, ஒருத்தி ஓட்டை போடுவா. எல்லாத்தையும் ஒருத்தியே பண்ணுன்னா தீபாவளிக்கு ஒரு ஜோடி வரும். நானும் மொதல்ல உங்க பேச்சைக் கேட்டு ஒவ்வொருத்தனையா முழுக்கதை படிக்கச் சொன்னேன். ஒரு கதைக்கு ஒரு சாயங்காலம் போய்டுச்சி. புரொடக்‌ஷன் ரொம்பக் கம்மி. அப்புறம்தான் லைன் போட்டேன். மொதல் வரி செல்வகுமாரு, ரெண்டாவது வரி இன்னொருத்தி, மூணாவது நெல்வினு, நாலாவது அம்பரீன். நான் சொல்லுவேன், அவங்கவங்க திருப்பிச் சொல்லுவாங்க. வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு கார்டு, வேற வேற கதையா குடுத்துடுவேன், அவங்கவங்க வரியை மட்டும் உருப்போட. இப்ப ஒரு கதை, மூச்சு வுடறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"சார், கதை ஷூ இல்ல."

"அது சரி. ஆனா ஸ்பீடு பாத்தீங்களா?"

மதியச் சாப்பாட்டுக்கான சைரன் ஊதியது. ஹெப்சி செய்த குற்றம் சைரனில் கரைந்துபோனது. பெண்கள் டிபன் பாக்ஸோடு அவளைச் சுற்றிக்கொண்டார்கள். அறை போய்விடும் என்றதும் ஒருத்தி கையில் எடுத்த சோறு பாக்ஸுக்கே திரும்பியது.

"மறுபடியும் ரோட்டோரமா?" என்றாள் நெல்வினின் அம்மா ஜெயபுஷ்பம். "போன மழைக்கே புள்ள டேங்கர் லாரிக்குக் கீழ ஒதுங்கி நின்னுனு இருந்தான் மிஸ். அதுக்கு டிரைவரு வந்து என்னையத் திட்றான்."

கோதண்டபாணி தலையைச் சொறிந்தார். "ஒண்ணு பண்லாம். ஆபீசர் எந்தக் கார்டு குடுத்தாலும் பசங்களை லைனாவே நிக்க வெச்சிடலாம். எனக்குக் கொஞ்சம் முன்னாடியே கார்டைக் காட்டுனா போதும், உருப்போட வெச்சிர்றேன்."

"அவர் தனித்தனியா கூப்புடுவார். கார்டும் அவர் பையிலருந்து வரும். தவிர, நடந்ததை நானே அவர்கிட்ட சொல்லப் போறேன்."

"எல்லாத்தையுமா?" கோதண்டபாணியின் குரல் இறங்கியது. "என் பேரை மட்டும் கொஞ்சம் கம்மியா சொல்லுங்க மிஸ்."

ஹெப்சி பயிற்சியில் கற்றதை, சோற்று வாசனைக்கு நடுவே, மிச்சமிருந்த நேரத்தில் அவர்களுக்குச் சொன்னாள். பிள்ளை படிக்கும்போது விரல் சொல்லுக்கு அடியில் இருக்கட்டும். தடுமாறினால் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். படித்து முடித்ததும் கதையில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

"வாயை மூடினு சும்மா இருக்கறதுக்கா உங்களுக்கு ஒரு மாசம் ட்ரெய்னிங் குடுத்தாங்க?" என்று கேட்டாள் ஜெயபுஷ்பம்.

"ஆமாக்கா. டீச்சருங்களுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம்."

"எங்க சூப்பர்வைசருக்கும் ஒரு மாசம் குடுக்கச் சொல்லுங்க."

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் கோதண்டபாணி மட்டும் சேரவில்லை.

*

தமிழ்வேந்தன் வந்தபோதே சூடாக இருந்தார். கேட்டில் செக்யூரிட்டி ஜெயம்மாள் அவர் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாளாம். உள்ளே வருகிற பையைக்கூட இப்படிக் குடைய வேண்டுமா என்று எபனேசரிடம் கேட்டார். எபனேசர், "தோல் கம்பெனி சார், பழக்கம்" என்று குளிர்ந்த மோரை நீட்டினார்.

காப்பக அறையில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அம்மாக்கள் சுவரோரம். கோதண்டபாணி விசிலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு கதவருகே. வெளியே வராந்தாவில் அட்டைப்பெட்டிகளோடு ஒரு தள்ளுவண்டி தயாராக நின்றது. எபனேசர் முன்யோசனைக்காரர்.

ஹெப்சி எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். வீடியோ எப்படி வந்தது, லைன் எப்படி ஓடியது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரிதான் தரப்பட்டது என்பது வரை. தமிழ்வேந்தன் மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க பெரிய ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டினீங்களேம்மா. நான் கலெக்டர் மீட்டிங்ல வேற சொல்லிட்டேன்."

"தெரியும் சார். அதான் முதல்லயே சொல்லிட்டேன்."

"வந்தது வந்தாச்சு. பார்த்துடுவோம்." பையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்தார். "யாருப்பா முதல்ல?"

செல்வகுமார் வந்தான். கதவருகிலிருந்து கோதண்டபாணி பழக்கதோஷத்தில், 'உன் வரிதான்' என்று ஒற்றை விரலைக் காட்டினார். அட்டையைப் பார்த்தான். முதல் வரியைப் படித்தான். கையைக் கட்டிக்கொண்டான். தமிழ்வேந்தன் காத்திருந்தார். பையன் அவரைவிடப் பொறுமையாகக் காத்திருந்தான்.

எபனேசர் லேசாகத் தலையசைத்தார். முதல் அட்டைப்பெட்டி உள்ளே வந்து மூலையில் உட்கார்ந்தது.

அம்பரீன் வந்தாள். விரலால் மேலிருந்து எண்ணி, நாலாவது வரியைக் கண்டுபிடித்து, அதை மட்டும் படித்துவிட்டு நன்றி சொன்னாள். இரண்டாவது பெட்டி வந்தது.

அப்போதுதான் ஹெப்சிக்கு ஏதோ உறுத்தியது. இது புது அட்டை. தமிழ்வேந்தன் பையைவிட்டு இப்போதுதான் வெளியே வந்தது. இதை யாரும் உருப்போட வைத்திருக்க முடியாது. ஆனால் அம்பரீன் நாலாவது வரியைப் படித்தாள்.

மூன்றாவது பெட்டி நகர்வதற்குள் ஹெப்சி கோதண்டபாணியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"சார், உங்க லைன்ல எல்லாரும் லீவு போட்டு ஒருத்தி மட்டும் வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"அழுவேன்."

"அதுக்கப்புறம்?"

"அவளையே எல்லா ஆப்பரேஷனும் பண்ணச் சொல்லுவேன். நான் வாயால ஆர்டர் குடுக்கணும். இல்லன்னா பண்ண மாட்டா."

"குடுங்க."

கோதண்டபாணி ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு புரிந்தது. சட்டைக்குள்ளிருந்து விசில் வெளியே வந்தது. ஊதவில்லை. ஆனால் கையில் இருந்தால்தான் அவருக்குக் குரல் வரும்.

"எல்லாரும் கேளுங்க. இன்னிக்கி செல்வகுமாரு லீவு. அம்பரீன் லீவு. நெல்வினைத் தவிர மொத்த லைனும் லீவு."

"நான் இங்கதான சார் நிக்கறேன்," என்றாள் அம்பரீன்.

"நீ லீவும்மா."

"அட்டெண்டன்ஸ் போட்டுட்டீங்களே."

"ஹாஃப் டே. பேசாம நில்லு. நெல்வினு, கார்டை எடு. எல்லா ஆப்பரேஷனும் இன்னிக்கி உன்னுது."

நெல்வின் யோசித்தான். "ஓவர்டைம் உண்டா சார்?"

"முறுக்கு உண்டு."

நெல்வின் அட்டையை எடுத்தான். விரலை முதல் சொல்லுக்கு அடியில் வைத்தான்.

"ஒரு... தவளைக்கு... பல்... வலி." மூச்சு வாங்கிக்கொண்டான். "அது... டாக்டரிடம் போனது. வாயைத் திற... என்றார் டாக்டர்."

அம்மாக்கள் சுவரிலிருந்து முதுகை எடுத்தார்கள்.

"தவளை வாயைத் திறந்தது. டாக்டர்... எட்டி... எட்டிப்..."

நின்றது. அந்த ஒரு சொல்லில் விரல் முன்னும் பின்னும் போனது. ஜெயபுஷ்பத்தின் உதடுகள் குவிந்தன. பக்கத்தில் இருந்தவள் அவள் வாயைப் பொத்தினாள். கோதண்டபாணி விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். ஹெப்சி கையை உயர்த்தி அத்தனை பேரையும் அப்படியே பிடித்து வைத்திருந்தாள். பெட்டி தூக்கிய ஆள் பெட்டியோடு நின்றான்.

"எட்டிப் பார்த்தார்," என்றான் நெல்வின். "உள்ளே ஒரு பல் கூட இல்லை."

அவனே சிரித்துவிட்டான். அட்டையிலிருந்து முகத்தை எடுத்து, "பல்லே இல்லியாம் சார்" என்று தமிழ்வேந்தனிடம் தனியாக ஒருமுறை சொன்னான். அந்தச் சிரிப்பைத்தான் அவர் குறித்துக்கொண்டார். படித்தது புரியாதவனுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வராது.

அதன்பிறகு கோதண்டபாணி ஒவ்வொருவராக மற்ற எல்லோருக்கும் லீவு கொடுத்தார். செல்வகுமார் முழுதும் படித்தான். அம்பரீன் தவளையின் குரலிலும் டாக்டர் குரலிலும் மாற்றி மாற்றிப் படித்தாள். ஒன்றிரண்டு பேர் திணறினார்கள், ஆனால் யாரும் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. தமிழ்வேந்தன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"படிக்கறாங்க," என்றார் எபனேசரைப் பார்த்து. "நல்லாவே படிக்கறாங்க."

எபனேசர் பெட்டிக்காரனைப் பார்த்தார். வந்த பெட்டிகள் வந்த வழியே வெளியே போயின. ஜெயபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றாள், யாரும் கேட்காமலேயே.

ஆனால் தமிழ்வேந்தன் கிளம்பவில்லை. பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தார்.

"ஒரு விஷயம் எனக்கு இடிக்குது. ஒரு பிள்ளைக்கு ஒரு வரிதான் இவர் சொல்லிக் குடுத்தார்னு நீங்க சொல்றீங்கம்மா. அதுவும் வாயால. அப்போ இவங்களுக்கு எழுத்தைப் பார்த்துப் படிக்கக் கத்துக்குடுத்தது யாரு? எனக்கு அந்த முறைதான் வேணும். ரிப்போர்ட்ல எழுதணும்."

ஹெப்சி இல்லையென்று தலையசைத்தாள். "நான் ஊர்லயே இல்ல சார். எனக்குப் பதிலா வந்தவங்க கோரஸாதான் படிக்க வெச்சாங்க."

"வீட்லயும் இல்லிங்க," என்றாள் ஜெயபுஷ்பம். "கம்பெனி வேன்ல ஏறின ஒடனே தூங்கிடுவான். தூக்கினு போயி படுக்க வெக்கறதுதான்."

கோதண்டபாணிக்கு மனசு ஆறவில்லை. "அப்ப எவனோ என் ஆப்பரேட்டருங்களுக்கு எனக்குத் தெரியாம ட்ரெய்னிங் குடுத்துருக்கான்."

பிள்ளைகள் மின்விசிறியைப் பார்த்தார்கள். விசாரணைக்கு நிற்கும் பழைய யூனியன்காரர்கள்கூட இவ்வளவு உறுதியாக நின்றிருக்க மாட்டார்கள். அடுத்தவர் வேலையில் கை வைத்ததாக ஒப்புக்கொள்ள எவனுக்குத் துணிச்சல் வரும்.

"மெமோ கெடையாது," என்றார் கோதண்டபாணி. "என் மேல சத்தியமா. சொல்லுங்க."

அம்பரீன்தான் முதலில் உடைந்தாள். அவளுக்கு முறுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

"நீங்க வீட்டுக்குக் கார்டு குடுக்கறீங்க இல்ல சார். அதைக் கேட்ல புடிச்சிடுவாங்க."

"யாரு?"

அம்பரீன் கதவுப் பக்கம் விரலை நீட்டினாள். ஆபீசர் ஜீப் வேனுக்கு வழியை மறைக்கிறது என்று சொல்ல வந்த ஜெயம்மாள், காக்கிச் சட்டையும் தடியுமாக அங்கே நின்றிருந்தாள்.

"பேப்பர் எது வெளிய போனாலும் அதுல இன்னா இருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியணுமாம்," என்றாள் அம்பரீன். "படிச்சிக் காட்டுன்னு சொல்லுவாங்க. ஒரு வரி மட்டும் படிச்சா வுட மாட்டாங்க."

"'மீதி அடுத்த ஆளு வேலை'ன்னு சொன்னேன் சார்," என்றான் நெல்வின். "'கார்டு உன் கையிலதான இருக்குது, மீதிய உங்கப்பனா வந்து படிப்பான்'னு கேட்டாங்க."

"எழுத்து தெரியலன்னா?" என்றார் தமிழ்வேந்தன்.

"சுவத்துல இருக்கற போர்டைக் காட்டுவாங்க சார். 'புகை பிடிக்காதீர்'ல இருக்கற 'பி'தான் இதுன்னு. அப்பறம் நாங்களே கண்டுபுடிக்கற வரைக்கும் சும்மா நிப்பாங்க. தப்பா படிச்சா மறுபடியும் மொதல்லருந்து."

"வேன் தெனமும் லேட்டாவறது இதனாலதானா?" என்றார் எபனேசர்.

ஜெயம்மாள் விறைப்பாக நின்றாள். "ரூல் சார். டிசைன் பேப்பர் வெளிய போகக் கூடாதுன்னு நீங்கதான் சர்க்குலர் போட்டீங்க. செக் பண்ணாம வுட்டா நாளைக்கி என்னையதான் கேப்பீங்க."

தமிழ்வேந்தன் எழுந்து அவளருகே போனார். குரலை மென்மையாக்கிக்கொண்டார்.

"ரூல் சரிதாம்மா. முதல் நாள் செக் பண்ணீங்க, நியாயம். ரெண்டாவது நாள்கூட சரி. அதுல காக்கா, தவளை, ஆட்டுக்குட்டி தவிர ஒண்ணும் இல்லைன்னு அப்பவே தெரிஞ்சிருக்குமே. அப்பறமும் ஏன் ஒரு மாசம், ஒரு பிள்ளை விடாம, கடைசி வரி வரைக்கும் படிக்கச் சொன்னீங்க?"

ஜெயம்மாள் எபனேசரைப் பார்த்தாள். கோதண்டபாணியைப் பார்த்தாள். தடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். விறைப்பு மெல்லத் தளர்ந்தது.

"டிசைனுக்கு இல்ல சார்," என்றாள். "பாதிக்கதையைக் கேட்டுட்டு முடிவு தெரியாம நைட்டு ஃபுல்லா கேட்ல எப்பிடி ஒக்காந்திருக்கறது?"